பணம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகட்டுமே!

"பேங்க்ல எல்லாமே லேட்டு" என்று திட்டு வாங்கியே இருபது வருஷம் ஓட்டியவன் நான். இன்று அதே தாமதத்துக்கு வக்காலத்து வாங்கப் போகிறேன். கல்லெறிபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு எறியுங்கள் :-)

நமக்கு சாப்ட்வேர் எல்லாம் தூரம், வெறும் பி.காம். ஆனால் வந்துகொண்டே இருக்கும் தகவலை எப்போது வெளியே விடுவது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. சேர்த்துவைத்து மொத்தமாக விட்டால் பஃபர். இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவுதான் என்றால் த்ராட்டில். கொஞ்சம் பொறுத்து விட்டால் டிலே. அட, இது எங்கள் பிழைப்பாச்சே!

2005-ல் வந்த நெஃப்ட் அசல் பஃபர். இப்போது அரை மணிக்கு ஒரு கட்டு, நாளைக்கு 48 கட்டு. வங்கிகளுக்குள் வரவு செலவைக் கழித்து மிச்சத்தை மட்டும் தீர்த்தால் போதும். ஆர்டிஜிஎஸ்ஸில் அந்தக் கதையே இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக, உடனுக்குடன்.

த்ராட்டில் வேண்டுமா? லோதி ரோடு சாய்பாபா கோவிலில் வியாழக்கிழமை வரிசை இல்லாவிட்டால் யாருக்கு தரிசனம் கிடைக்கும்? 2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ திணறியது. "பணம் போச்சா, போச்சா" என்று வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டதுதான் காரணம். அந்த ஆகஸ்டிலிருந்து ஒரு செயலியில் நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது.

இனி டிலே. என் கட்சி இதுதான். புதிதாக யூபிஐ தொடங்குபவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்தான் வரம்பு. எல்லோரும் எரிச்சல்படுகிறார்கள். ஆனால் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவன் ஏன் போனை வைக்கவே விடுவதில்லை? பெரியவர் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவன் ஆட்டம் முடிந்தது. அவனுக்கு எதிரி போலீஸ் இல்லை சார், நேரம்!

ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்க, டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆயுள் சேமிப்பு இரண்டு நிமிஷத்தில் போய்விடும். அதற்கப்புறம் 1930-க்கு ஓட வேண்டும்.

அதனால் நான் கேட்பது: புதிய கணக்குக்குப் பெரிய தொகை போனால் சில மணி நேரம் நிறுத்திவைக்கும் வசதி வேண்டும், அதற்குள் ரத்து செய்யவும் முடிய வேண்டும். எவ்வளவு தொகை, எத்தனை மணி என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யட்டும். ஆஸ்பத்திரி அவசரம் என்றால்? நம்பகமான கணக்குகளை முன்பே பதிந்து வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு உடனே போகட்டும்.

அதுவரை, இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது அப்பாவின் தினசரி வரம்பைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.