மருந்து எந்த வாசலில் என்று எழுதி வையுங்கள்

பாம்புக்கடி என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் தேடுவது ஒரு கண்ணாடிக் குழாயைத்தான். புதிதாக, ஈரமில்லாமல், சோப்பு போட்டுக் கழுவாததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உதவாது. கடிபட்டவரின் ரத்தத்தை 2 மில்லி அதில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக உறைந்து நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீராய் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், குடியிருப்பது திருமுல்லைவாயலில். அந்த 20 நிமிடம் என்னை ஒருநாளும் பதறவைத்ததில்லை. அதற்கு முன்னால் வீட்டிலும் வழியிலும் வீணாய்ப் போன நேரம்தான் பல பேரை எங்கள் கையிலிருந்து பறித்தது.

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவில்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். நெல் விளைந்த இடமெல்லாம் மனைப்பிரிவு. கட்டாமல் கிடக்கும் மனையில் சீமைக் கருவேலம், அதன் அடியில் குப்பை, குப்பையில் எலி. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வராமல் வேறு எங்கே போகும்? மழையில் வளை நிரம்பினால் அது மேட்டைத் தேடும். மேடு என்பது நம் வாசற்படி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும், எங்கள் தெருப் பெண்கள் துடைப்பத்தோடு ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டுதான் வீடு கழுவப் போனார்கள்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்கும்தான் இங்கே பெரும்பாலான சாவுக்குக் காரணம். நல்ல பாம்பு படமெடுக்கும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். எனக்குப் பயமெல்லாம் கட்டு விரியன்தான். ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போகும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது.

விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். வழியிலேயே மருந்துக்கடையில் வாயுவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். “தூக்கக் கலக்கம், கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான் சிஸ்டர்” என்றார் அம்மா. அவனுக்குக் கண்ணைத் திறக்க ஆசைதான், இமை தூக்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக அவன் என்னைப் பார்த்தான். அடுத்து நிற்பது மூச்சு. மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம், பிழைத்துக்கொண்டான். தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் காலையில் வயிற்றுவலி வந்து இமையும் சொருகினால், யாரும் பாம்பைப் பார்க்கவில்லை என்றாலும் அது பாம்புக்கடியாக இருக்கலாம். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்கும் ஆகும், கட்டு விரியனுக்கும் ஆகும்.

திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயில் புற்றை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் கடிபட்டவர் வாயில் மிளகைப் போட்டு “உறைக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை எந்தச் சாமியும் நம்மிடம் கேட்கவில்லை. கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கட்டிய இடத்துக்குக் கீழே சதை செத்துப்போய்க் காலையே எடுக்க வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மெட்டி, மோதிரம், கொலுசு, வளையலை முதலில் கழற்றுங்கள். கால் வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலி தனி. எலும்பு முறிந்தால் எப்படியோ அப்படியே அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். நான்குக்கும் ஒரே மருந்துதான்.

அந்த மருந்தின் மூலமும் நமக்குத் தூரமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளிலிருந்தும் விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது இந்த நாடு. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இத்தனை இருந்தும் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது.

ராத்திரி 2 மணிக்கு எந்த வாசலுக்குப் போவது என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டாபிராமில் கடிபட்டவரை முதலில் ஒரு கிளினிக், பிறகு ஒரு நர்சிங் ஹோம், பிறகு சி.டி.எச். சாலை முழுக்கத் தாண்டிச் சென்னைக்கு என்று அலைய வைக்கிறோம். மருந்துக்கு ஒவ்வாமை வருமோ என்ற பயத்தில், ஒரு குப்பிகூட ஏற்றாமல் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. ஒவ்வாமை வரத்தான் செய்யும். அதற்கு அட்ரினலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால், முதல் டோஸைப் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சிகிச்சை நெறிமுறையும் அதைத்தான் சொல்கிறது.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம். அந்தக் கணக்கு கோப்பில் தூங்கக் கூடாது. எந்த நகரில், எந்த ஏரிக்கரையில், எந்த மாதத்தில் கடி அதிகம் என்று வார்டு வாரியாக வெளியிட்டால், எங்கே புதரை வெட்ட வேண்டும், எங்கே தெருவிளக்கு போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆவடி மாநகராட்சிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும், சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்துக்கும் என் கோரிக்கை இது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு ரேஷன் கடையிலும், பேருந்து நிறுத்தத்திலும், தொழிற்பேட்டை வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். 24 மணி நேரமும் பாம்புக்கடி மருந்து எங்கே கிடைக்கும், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தரையில் படுக்கும் வடமாநிலத் தொழிலாளிக்காக இந்தியிலும் எழுதுங்கள். பலகை வரும்வரை காத்திருக்காமல், இன்றைக்கே உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் போய் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.