டிரிப் காசு மட்டும் சம்பளம் ஆகாது

கடந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமா, எஸ்.பி.எம். முடித்த தம் மகனைக் காட்டி, "இவன் மேல படிச்சு என்ன ஆகப் போகுது? லாரி ஓட்டினா பட்டதாரியைவிட நல்லா சம்பாதிக்கலாம்" என்றார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். கிள்ளான் துறைமுகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர் அவர். பதில் சொல்லாமல் அறைக்குள் போனவர், தமது ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்து வந்து மாமாவிடம் நீட்டினார். "மச்சான், சம்பாத்தியத்தை இதுல பாருங்க."

அத்தனை ஆண்டு உழைப்புக்கு அதில் இருந்த தொகை மிகக் குறைவு.

மாமா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நன்றாக ஓடும் மாதத்தில் லாரி ஓட்டுநரின் கையில் புதிய பட்டதாரியைவிட அதிகப் பணம் இருக்கலாம். ஆனால், அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதே கேள்வி. பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு. மீதியெல்லாம் டிரிப் காசு. சக்கரம் உருண்டால்தான் வருமானம். துறைமுக வரிசையில் காத்திருக்கும் மணிநேரத்துக்கும், லாரி பட்டறையில் நிற்கும் நாளுக்கும் டிரிப் காசு கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட், டிரிப் காசு 2,800, மொத்தம் 4,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 4,500 ரிங்கிட்டுக்கு முதலாளியின் 13 விழுக்காட்டுச் சேமநிதிப் பங்கு 585 ரிங்கிட். டிரிப் காசுக்குப் 'பயணப்படி' என்று பெயர் வைத்துவிட்டால், 1,700 ரிங்கிட்டுக்கு மட்டும் 221 ரிங்கிட். காரணம், பயணப்படிக்குச் சேமநிதிச் சந்தா இல்லை. மாதம் 364 ரிங்கிட் வித்தியாசம். பத்து ஆண்டுகளில், இலாப ஈவைச் சேர்க்காமலே 43,680 ரிங்கிட். ஓட்டிய டிரிப்புக்குத் தரும் பணம் உழைப்புக்கான ஊதியம்தான். அதை வேறு பெயரில் எழுதுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

இது ஓட்டுநர் குடும்பத்தின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லாரியும் கலகத் தடுப்புப் போலீஸ் வாகனமும் மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அதிகச் சுமை, பராமரிப்பு, வேகம் பற்றியெல்லாம் பேசினோம். அவை அவசியமானவை. ஆனால், என்னைச் சுற்றிப் பேசியவர்களில் யாரும் லாரி ஓட்டுநர்களுக்கு எப்படிச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு டிரிப் கூடினால் வீட்டு வாடகை கட்டலாம் என்ற நிலையில் இருப்பவரிடம் 'தூங்கி எழுந்து ஓட்டு' என்று சொல்வது சுலபம். நிலையான அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் சாலையும் கொஞ்சம் பாதுகாப்பாகும்.

அதற்காக இந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 'படிக்காதவன்தான் லாரி ஓட்டுவான்' என்ற ஏளனமும் எனக்குப் பிடிக்காது. சரக்கு வாகனத் தொழில் உரிமமான ஜிடிஎல் எடுக்க 21 வயதாக வேண்டும். எஸ்.பி.எம். முடித்த பிறகு கிடைக்கும் அந்த மூன்று ஆண்டுகளை வீணாக்காதீர்கள். கனரக வாகனப் பழுதுபார்ப்பிலோ தளவாடத் துறையிலோ ஒரு சான்றிதழ் பெறுங்கள். முதுகு வலிக்கத் தொடங்கும் வயதில், லாரிகளை அனுப்பும் ஒருங்கிணைப்பாளராகவோ பயிற்றுநராகவோ மாற அது கைகொடுக்கும்.

வேலை கேட்டுப் போகும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? டிரிப் காசுக்குச் சேமநிதியும் சொக்சோவும் கட்டுவீர்களா? காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா? லாரியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

மாமா மகன் இப்போது கனரக வாகனப் பழுதுபார்ப்பு படிக்கிறான். 21 வயதானதும் லாரிதான் ஓட்டுவேன் என்கிறான். தாராளமாக ஓட்டட்டும். ஆனால், வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அதை அப்பாவிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.