பார்த்துக்கொள்கிறவர்கள்

'மறதி நோய்' என்ற சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் மறதி. கண்ணாடி எதற்கென்றே தெரியாமல் போவதும் மறதி என்றாகிவிடுகிறது. "வயசானா மறதி வராதா?" என்று உறவினர் எளிதாகக் கடந்துபோக இந்தச் சொல்லே வழிவிடுகிறது. அந்த வீட்டில் ஒருத்தி இரவெல்லாம் விழித்திருப்பது அதற்குள் அடங்குவதேயில்லை.

என் அம்மாவுக்கு ஐந்தாண்டுகளாக அல்சைமர். ஊரில் அண்ணனோடு இருக்கிறார். அதாவது, அண்ணியின் பொறுப்பில். பொழுது சாய்ந்தால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசற்கதவைப் பிடித்துக்கொள்வார். அவரே 40 ஆண்டுகள் ஆண்ட வீடு அது. வளையலைத் தலையணை உறைக்குள் தாமே ஒளித்துவைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் முறையிடுவார். இத்தகைய சந்தேகம் நோயின் போக்கு என்று மருத்துவர் எங்களிடம் சொல்லிவிட்டார். தெருவுக்கு யார் சொல்வது? மாதம் ஒருமுறை நான் போகும்போதோ அம்மா தெளிவாக இருப்பார். சாப்பிட்டாயா என்பார். வெளியார்முன் சற்று நேரம் தம்மைத் திரட்டிக்கொள்வது இந்நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவதுதான். அதை அறியாமல், "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்?" என்று அண்ணியிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.)

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நிலை இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுக்குச் சோறூட்டுகிறவர்களை யாரும் எண்ணவில்லை. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 'பிள்ளைகள்' என்று மகனையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் சுட்டுகிறது. பல வீடுகளில் உண்மையில் பார்த்துக்கொள்ளும் மருமகள் அந்த வரையறையிலேயே இல்லை. கலையிலும் இதே கதைதான். 'தன்மாத்ரா' (2005) ஆனாலும் '60 வயது மாநிறம்' (2018) ஆனாலும், படம் முடிந்தபின் நம்மோடு வருவது மறப்பவரின் முகமே. மேஸ், ராபின்ஸ் இருவரும் 1981இல் பராமரிப்போருக்காக எழுதிய நூலுக்கு '36 மணி நேர நாள்' என்று பொருள்படத் தலைப்பிட்டனர். தலைப்பிலேயே பாதி உண்மை இருக்கிறது.

நாம் செய்வதெல்லாம் பாராட்டுவது. "தெய்வம் மாதிரி பார்த்துக்கிறா" என்போம். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், முதுகுவலி இல்லை, எரிச்சல் வரக்கூடாது. பாராட்டைக் காட்டிலும் கொடிய சுமை வேறில்லை என்று இப்போது கருதுகிறேன். இதை வாசிப்பவர்களில் அப்படிப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால் அவருக்கு ஒன்று: நீங்கள் எரிந்து விழுந்தது அன்பில்லாமையால் அல்ல, உறக்கமில்லாமையால். இரண்டு நாள் ஓய்வு கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

அண்ணி ஒருநாள் கேட்டே விட்டார். "பாராட்டெல்லாம் வேண்டாம் தம்பி. ரெண்டாவது சனிக்கிழமை வந்து அத்தைகூட இருங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

போனேன். அன்றிரவு மூன்று முறை அம்மா என்னை யாரென்று கேட்டார். நான்காம் முறை, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வாதாடாமல் தெருமுனைவரை நடத்திச் சென்று திரும்ப அழைத்து வந்தேன். அண்ணி சொல்லிக்கொடுத்த உபாயம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்குத் தொலைபேசினேன். இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார் அவருடைய தாயார்.