வேனா, புகையிரதமா?



ஆண்டிறுதிப் பரீட்சை முடிந்து பாடசாலைகள் மூடப்பட்டதும் நம் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "வாப்பா, இந்த லீவுக்கு எங்க போற?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கொழும்புப் பக்கத்து வீடுகளில் அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் நுவரெலியாதான். இடம் முடிவானதும் அடுத்த கேள்வி எழும். வேன் பிடிப்பதா, புகையிரதத்தில் போவதா?

சின்னக் கேள்விதான். ஆனால் அதைத் தீர்மானிப்பது யார்? வீட்டு வாப்பா தீர்மானிப்பார். அல்லது வேன் வைத்திருக்கும் மச்சான் தீர்மானிப்பார். இரவு முழுக்க உடுப்பு அடுக்கி, சாப்பாடு கட்டி, வாந்தியெடுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகப் போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காதவர்களில் ஒருவனாக இருந்தவன்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2017 டிசம்பர். நானும் பிள்ளைகளின் உம்மாவும், நான்கு பிள்ளைகளும், முழங்கால் வருத்தக்காரியான என் தாயாரும் நுவரெலியா போவதென்று முடிவாயிற்று. பிள்ளைகளின் உம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வளைவு வந்தா எனக்கும் சின்ன மகளுக்கும் ஏலாது. கோச்சியில போவோமே." நான் உடனே மறுத்துவிட்டேன். உம்மாவுக்குப் படி ஏற முடியாது, சாமான் அதிகம் என்றெல்லாம் காரணம் அடுக்கினேன். உண்மையான காரணம் வேறு. முந்திய வருடம் என் சகலன் குடும்பத்தோடு ஏசி வேனில் போய் வந்திருந்தார். மௌலவி வீட்டார் மட்டும் மூட்டை முடிச்சோடு கோச்சியில் போனார்கள் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

அறை வாடகையில் ஒரு நாளை மிச்சம் பிடிக்க இரவு 11 மணிக்குப் புறப்பட்டோம். சாரதி நல்ல பிள்ளை. ஆனால் முந்திய இரவும் அவர் விமான நிலைய ஓட்டத்தில் இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவுமில்லை. கம்பளை தாண்டி, புஸ்ஸல்லாவை தாண்டி வேன் ஏறிக்கொண்டிருந்தது. சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் விழித்திருக்க வேண்டிய நான் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் விழித்திருந்தவர் ஒருவர்தான். சின்ன மகளின் வாய்க்கு நேரே ஷொப்பிங் பையைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் உம்மா. வேன் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து போவதைக் கண்டு "தம்பி!" என்று அலறினார். சாரதி திடுக்கிட்டு பிரேக்கை மிதிக்க, முன் சில்லு மலைப் பக்கத்துக் கானுக்குள் இறங்கி நின்றது. மறுபக்கம் போயிருந்தால் பள்ளத்தாக்கு. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் கீறல் கூட இல்லை.

இறங்கி நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "ஸுபஹுக்கு நேரமாகப் போகுது, எங்கயாச்சும் தண்ணி இருக்கா பாருங்க" என்றார். சகோதரிகளே, அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

வேனைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. வேன் நல்ல வாகனம். படுக்கையிலிருப்பவரைக் கூட அது வாசலிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலூட்டும் தாய்க்கு மறைவு கிடைக்கும். விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். எங்கள் தவறு இரவில் புறப்பட்டது, சாரதியின் தூக்கத்தை விசாரிக்காதது, வீட்டவரின் சொல்லைத் தட்டியது. இந்த மூன்றும்தான்.

மலைப்பாதை மன்னிக்காத பாதை. 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்லைப் பகுதியில் ஒரு பஸ் வண்டி வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் 7 பேர் மௌத்தானார்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர். அவர்களில் சுற்றுலா போய்த் திரும்பியவர்களும் இருந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளிலும் யாரோ ஒருவர் சோறு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

ஒரு பயணத்தில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாட்டிசைத்து விரைவாக ஓட்டிச் சென்றார். நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்து, கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு போவதுபோல நிதானமாகப் போகும்படி சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் அதை ஓதும்போது உவமையின் அழகை ரசித்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது புஸ்ஸல்லாவைக்கு அப்பால், அந்தக் கானுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். வாகனத்தின் வேகத்தை, ஏறியிருப்பவரின் நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாகனத்தைத் தெரிவதும் அப்படித்தான்.

அடுத்த டிசம்பரில் கோச்சியில் போனோம். கொழும்பு கோட்டையில் ஏறும்போது மூத்த மகனும் நானும் உம்மாவை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். அரை நிமிட வேலைதான். அதற்காகவா முந்திய வருடம் அத்தனை வாதம் செய்தேன்! நாவலப்பிட்டி தாண்டியதும் உம்மா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் சின்ன வயதுக் கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். வேனில் அவர் காலை மடக்கிக்கொண்டு முனகியபடியே வந்தவர். சின்ன மகள் ஒரு தடவையும் வாந்தி எடுக்கவில்லை. பிள்ளைகளின் உம்மா ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்ததை அன்றுதான் கண்டேன்.

புகையிரதத்தில் தலைசுற்றல் குறைவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துக் கோப்பியை இறக்கவென்று தொடங்கி, பின்னர் தேயிலையை இறக்கிய பாதை. பாரம் இழுக்கும் எஞ்சின் செங்குத்தாக ஏற முடியாதல்லவா? அதனால் 44 அடிக்கு ஓரடி உயர்வு என்ற கணக்கில் மலையைச் சுற்றிச் சுற்றித் தண்டவாளம் போட்டார்கள். வீதியில் இருப்பதுபோல வெட்டித் திரும்பும் கொண்டையூசி வளைவுகள் அதில் இல்லை. மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவே வயிற்றுக்கு மருந்து.

ஆனால் புகையிரதத்துக்கும் குறைகள் உண்டு. டிசம்பரில் மலையகப் பாதைக்கு ஆசனம் கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுக்க வேண்டும். கூடுதல் விலைக்கு டிக்கட் விற்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். ஆசனம் கிடைக்காவிட்டால் கர்ப்பிணியையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு ஏழு மணித்தியாலம் நெரிசலில் நிற்கப் புறப்படாதீர்கள். அப்போது வேனே மேல். புகையிரதம் தாமதிக்கலாம். நெரிசல் நாளில் கழிவறைப் பக்கம் போவதும் கஷ்டம். வாசல் படியில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் ஆசை இளம் பிள்ளைகளுக்கு வரும். குகைச் சுவரும் பாலத்துக் கம்பியும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை வாசல் பக்கம் விடாதீர்கள்.

தொழுகையையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். எண்பது கிலோமீற்றரைத் தாண்டிய இந்தப் பயணத்தில் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகை நமக்கு உண்டு. காலையில் ஏறுகிறவர்கள் ளுஹருடைய நேரத்திலேயே, அதை அஸரோடு பிற்படுத்திச் சேர்க்கிறேன் என்று நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் தங்கப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆறுதலாக இரண்டையும் தொழலாம். வேனில் போகிறவர்கள் வழியில் பெண்கள் தொழ இடவசதியுள்ள பள்ளிவாசல் எது என்று முன்பே விசாரித்து வையுங்கள். ஆண்கள் வுழூச் செய்து உள்ளே போக, பெண்கள் வாகனத்துக்குள்ளேயே காத்திருக்கும் காட்சியை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இன்னொன்று. வெள்ளிக்கிழமை ஸுபஹுக்குப் பின் புறப்பட்டு ஜும்ஆவைத் தவற விடுவதை நமது ஷாபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. வேனை ஜும்ஆவுக்கு நிறுத்தலாம். புகையிரதத்தை நிறுத்த முடியாது. அந்தப் பயணத்துக்கு வேறு நாள் பாருங்கள்.

அப்படியானால் எதைத் தெரிவது? என் அனுபவத்தில் நல்ல வழி இரண்டையும் சேர்ப்பது. நீண்ட தூரத்துக்குப் புகையிரதம். நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா ஒன்பது கிலோமீற்றருக்குள்தான். அங்கே சுற்றிப் பார்க்க, அந்த ஊர்ப் பாதை பழகிய சாரதியோடு ஒரு வேன். கொழும்பிலிருந்து வேனைக் கொண்டுபோய், சாரதிக்குப் படியும் படுக்கையும் கொடுத்து மூன்று நாள் வைத்திருக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும்.

இன்று ஒன்றையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகத்தையே புரட்டிப் போட்டது. உயிர்களும் வீடுகளும் போயின. புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. வீதிகளும் தப்பவில்லை. ஆகவே புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்காமல் திட்டம் போடாதீர்கள். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்தப் பக்கம் இருந்தால் வேனும் வேண்டாம், கோச்சியும் வேண்டாம். தெற்குக் கடலோரம் அந்த மாதங்களில் பெரும்பாலும் வெயிலாக இருக்கும். காலி, மாத்தறைப் பக்கம் போய் வாருங்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது விடுமுறைதான், குளிர் அல்ல.

வேன்தான் என்று முடிவானால் சகோதரிகளே, இதை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாரதி நேற்றிரவு எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள், இரவில் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தேநீர் குடிக்கட்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்கட்டும். ஆசனம் எத்தனையோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். முன் ஆசனத்தில் மடியில் பிள்ளை வேண்டாம். பக்கத்தில் அமர்பவர் தூங்கவும் கூடாது. இந்தக் கடைசி வரியை எனக்காகவே எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி அபூதாவூதில் வரும் ஹதீஸைச் சொல்லி நாம்தான் அமீர் என்று அமர்ந்துவிடுகிறோம். அமீர் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். இந்த விடுமுறைக்கு வேன்காரருக்குத் தொலைபேசி எடுக்கும் முன் குசினிக்குப் போய், "உங்களுக்கு எது இலேசு?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

சகோதரிகளே, அவர்கள் கேட்டால் "உங்கட விருப்பம்" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். பாதையில் விழித்திருக்கப் போவது நீங்கள்தான்.

அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, போன வழியே எல்லோரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.