உப்புக் காற்றும் தொடு சாவியும்

சென்ற வாரம் எருக்கலம்பிட்டியில் எமது அயல்வீட்டு மாணவன் ஒருவன் பழைய மோர்ஸ் சாவியொன்றைக் கொண்டு வந்தான். "காக்கா, அழுத்தினால் சிலவேளை கேட்கிறது, சிலவேளை கேட்கவில்லை" என்றான். முனைகள் சந்திக்கும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. வாடைக்காற்று வீட்டுத் தாழ்ப்பாளையே தின்றுவிடும் கரையில் பித்தளை முனை எம்மாத்திரம்?

இக்காலத்தில் மோர்ஸ் எதற்கென்று நேயர்கள் வினவலாம். அமெச்சூர் வானொலிக்காரர் அதனைக் கற்றே தீரவேண்டும் என்ற சர்வதேச விதியையும் 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு தளர்த்திவிட்டது. ஆயினும், குரல் இரைச்சலில் அமிழ்ந்த பின்னரும் புள்ளியும் கோடும் பிரிந்து கேட்கும். ஐந்து வாற் வலுவும் ஒரு பற்றரியும் கொண்டு கடல் கடந்து பேசலாம். 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை இக்கரையார் மறவார். 2004 ஆழிப்பேரலையின் பின்னர், தொலைபேசி அற்ற அம்பாந்தோட்டையைச் சிற்றலை வழியே கொழும்புடன் இணைத்தவர்களும் அமெச்சூர் வானொலிக்காரரே.

எனவே, அசையும் முனையே இல்லாத சாவியொன்றைச் செய்யத் துணிந்தோம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தொடுபலகையை மாணவன் விரும்பினான். நாம் மறுத்தோம். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு. மலிவான தொடுபலகைகளுட் சில, உறக்கநிலையிலிருந்து விழிக்கவே அதனிலும் இரு மடங்கு நேரம் எடுக்கும். முதற் புள்ளி விழுங்கப்பட்டுவிடும்.

நாம் எடுத்தது '4093' என்னும் சில்லு. அதிலுள்ள நான்கு தர்க்கப் படலைகளில் ஒன்றே போதும். அதன் இரு உள்ளீடுகளையும் ஒன்றாக்கி, 10 மெகா ஓம் தடையொன்றால் 9 வோல்ற் பற்றரியின் நேர்முனைக்கு இழுத்துவைத்தோம். உள்ளீட்டிலிருந்து ஒரு செப்புத்தகடு. பற்றரியின் எதிர்முனையிலிருந்து அதன் அருகே இன்னொன்று. விரல் இரண்டையும் தொட்டதும் தோலினூடாக நுண்ணிய மின்னோட்டம் பாய்ந்து, உள்ளீடு தாழ்ந்து, வெளியீடு உயரும். அது 10 கிலோ ஓம் தடைவழியே ஒரு திரான்சிஸ்டரைத் திறக்க, ஒலிப்பான் ஒலிக்கும். பயன்படாத படலைகளின் உள்ளீடுகளை அந்தரத்தில் விடாது எதிர்முனையில் இணைத்தல் வேண்டும். பலர் தவறுமிடம் இது.

மாலையில் சாவி அழகாகப் பேசிற்று. நள்ளிரவிலோ, தொடுவார் எவருமின்றி நெடுங்கோடாக ஊதத் தொடங்கிற்று! வீட்டார் எழுந்து எம்மை நோக்கிய நோக்கை இங்கே எழுதாது விடுவோம்.

காரணம் உப்பே. ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் படிந்த உப்பு, இரவின் ஈரத்தை உறிஞ்சி, விரலைப்போல் நடித்திருக்கிறது. முனையை அரித்த அதே பகைவன் வேறு வேடத்தில் வந்துவிட்டான். 10 மெகா ஓம் தடையைக் கழற்றி 2.2 மெகா ஓம் வைத்தோம். இனி மெல்லிய உப்புப் படலத்தால் உள்ளீட்டைத் தாழ்த்த இயலாது, விரலால் இயலும். இடைவெளியை மூன்று மில்லிமீற்றராக்கி, நடுவே பலகையை அறுத்து, நன்னீரால் கழுவி உலர்த்தி, தொடாத பகுதிக்கு வார்னிஷ் பூசினோம். சோளகக் காலத்தில் விரல் மிக வறண்டால் சற்று நனைத்துக்கொள்ளலாம்.

ஒலிபரப்பியின் அலை சாவியைக் குழப்பாதிருக்க, தகடுகளுக்குக் குறுக்கே 0.001 மைக்ரோபரட் கொள்ளளவியொன்று வேண்டும். பற்றரி தவிர வீட்டு மின்சாரத்தை இதில் இணைக்கவே கூடாது. கை வைக்கும் பொருளல்லவா? பழைய வால்வுக் கருவிகளுக்கும் இது ஆகாது. ஒலிப்பானில் பழக அனுமதி வேண்டியதில்லை; வானில் அனுப்பத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும்.

அதன் பின் நான்கு இரவுகள் சாவி வாய்திறக்கவில்லை. மாணவன் மட்டும் இன்னும் 'ஏ'யைப் புள்ளி, கோடு என்று அடிப்பதற்குப் பதிலாகக் கோடு, புள்ளி என்று 'என்' அடிக்கிறான். அதற்கு உப்பின்மேல் பழிபோட முடியவில்லை.