நசுங்கட்டும் அந்த பானெட்

"அந்தக் காலத்துக் கார் இரும்பு, இன்றையது வெறும் தகரம், இடித்தால் நொறுங்கிவிடுகிறது" என்ற வாதம் தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் காரில் செல்லும் 60 கிலோ மனிதரின் உந்தம் 900 கி.கி.மீ/வி. நிற்கும்போது அது முழுவதும் தீர்ந்தாக வேண்டும். விசையை நேரத்தால் பெருக்கினால் வரும் கணத்தாக்கில் சலுகை கிடையாது. கூட்டவோ குறைக்கவோ முடிவது நேரத்தை மட்டுமே. 0.01 வினாடியில் நின்றால் உடல்மீது சராசரியாக 90,000 நியூட்டன் விசை. முன்பகுதி நசுங்கி 0.1 வினாடி வாங்கித் தந்தால் 9,000 (சீட் பெல்ட் அணிந்தவருக்குத்தான் அந்த அவகாசம்).

நசுங்க வேண்டியது முன்பகுதி. நசுங்கக் கூடாதது ஆள் அமரும் கூடு. 2009-இல் அமெரிக்காவில் 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் மோதவிட்டுச் சோதித்தார்கள். மாலிபுவின் கூடு குலையவில்லை. சிதைந்தது அந்தப் பழைய 'இரும்பின்' ஓட்டுநர் இருக்கைப் பகுதிதான்.