கடைத்தேங்காயும் மேயரின் பிள்ளையாரும்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் நெருங்கிவிட்டால் அமெரிக்கச் சிற்றூர் மேயர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சு நெகிழ்ந்துவிடும். அன்றுதான் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங். நியூஜெர்சியில் நான் குடியிருக்கும் ஊரில் வீடுதோறும் வரும் நகராட்சிச் செய்திமடலின் முதல் பக்கத்தில் மேயரின் நன்றிக் கடிதம் இருக்கும். தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நன்றி, நூலக ஊழியர்களுக்கு நன்றி. அதில் எனக்குச் சண்டை இல்லை. வினை அடுத்த பத்தியில் வருகிறது. நம்மூர்ச் சிறுகடைகளே பொருளாதாரத்தின் முதுகெலும்பு. அங்கே செலவழிக்கும் பணம் ஊரிலேயே தங்கும். ஆகவே வருகிற சனிக்கிழமை ‘ஸ்மால் பிசினஸ் சாட்டர்டே’ என்னும் நம் மரபைப் போற்றிக் கடைவீதிக்கு வாருங்கள். ஊரின் வருங்காலம் உங்கள் பர்ஸில் இருக்கிறது. மேயர்கள் மாறினார்கள், கட்சி மாறியது, இந்தப் பத்தி மட்டும் அப்படியே நிற்கிறது. பக்கத்து ஊர் மடலிலும் இதே பத்திதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. பல வருஷமாகப் படித்துப் பல்லைக் கடித்தாயிற்று. இனி வரிவரியாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதுகெலும்பை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அமெரிக்க நிறுவனங்களில் 99.9 சதவீதம் சிறு வணிகங்கள் என்று மத்திய அரசின் சிறுவணிகத் துறை சொல்கிறது. அந்தக் கணக்கில் 500 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் எதுவும் சிறு வணிகம். 450 பேர் உட்கார்ந்திருக்கும் வக்கீல் நிறுவனமும் சரி, தெருமுனையில் செருப்பு தைப்பவரும் சரி, மேயருக்கு ஒரே முதுகெலும்புதான்.

அடுத்தது, பணம் ஊரிலேயே தங்குமாம். ஒரு டாலரில் 67 சென்ட் தங்கும் என்று சில வருஷங்களாகத் துல்லியம் வேறு சேர்ந்திருக்கிறது. சிறுகடைக்காரர் வாடகை கட்டுகிறார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஃபுளோரிடாவில் வெயில் காய்கிறார். சரக்கு வந்த பெட்டியில் சீன முத்திரை. கடன் கொடுத்த வங்கியின் தலைமையகம் வேறு மாநிலத்தில். இதையெல்லாம் கழித்த பிறகும் 67 எப்படித் தங்குகிறது என்று எந்த மேயரும் விளக்கியதில்லை. சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-ல் நடந்த ஆய்வைச் சிலர் நீட்டுவார்கள்: நூறு டாலரில் உள்ளூர்க் கடை 68 டாலரையும் சங்கிலிக் கடை 43 டாலரையும் ஊரில் விடுகிறது என்று. ஆராயப்பட்ட உள்ளூர்க் கடைகள் பத்து. ஆய்வைச் செய்யச் சொன்னது அந்தப் பகுதியின் வளர்ச்சிக் கழகமே.

67 சென்ட் கணக்குக்கு வருகிறேன். அது 2018-ல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு. ஆய்வின் சொந்தக்காரர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். ஆம், கிரெடிட் கார்டு நிறுவனம்தான். மேயர் போற்றச் சொல்லும் அந்த ‘மரபு’ம் இதே வீட்டுப் பிள்ளை. ஸ்மால் பிசினஸ் சாட்டர்டே என்பது 2010 நவம்பர் 27 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தொடங்கிய விளம்பரத் திட்டம். சிறுகடையில் அவர்கள் கார்டைத் தேய்த்தால் 25 டாலர் கணக்கில் வரவு வைப்பார்கள். பெயர் அவர்களுடைய பதிவு செய்யப்பட்ட வணிக முத்திரை. மறு வருஷமே செனட் தீர்மானம் போட்டது, சிறுவணிகத் துறை கூட்டுச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஊர் மேயர்கள் பிரகடனம் வாசிக்காமல் இருப்பார்களா? ஒரு தனியார் கம்பெனியின் விற்பனைத் திட்டத்தை நகராட்சி லெட்டர்பேடில் அச்சடித்து, என் வரிப்பணத்தில் தபால்தலை ஒட்டி, என் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள்.

அதே 2010-ல் இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் 4 அன்று அமெரிக்க நீதித்துறை விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூன்றின் மேலும் வழக்குப் போட்டது. புகார் இதுதான்: கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம், “இந்தக் கார்டுக்குக் கமிஷன் ஜாஸ்தி, வேறு கார்டு இருந்தால் கொடுங்களேன்” என்று வாய்திறந்து கேட்கக்கூடாது என ஒப்பந்தத்தில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். விசாவும் மாஸ்டர்கார்டும் சமரசத்துக்கு வந்துவிட்டன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மட்டும் வழக்கை நடத்தியது. கமிஷன் அதிகம் என்பதால் பல சிறுகடைகள் தொட அஞ்சிய கார்டும் அதுதான். வழக்கு வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் சிறுகடைகள் மேல் பாசம் பொங்கிச் சனிக்கிழமை பிறந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், நமக்கு எதற்குப் பொல்லாப்பு. 2015-ல் கீழ்நீதிமன்றத்தில் தோற்று, அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் வென்று, கடைசியில் 2018 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று அந்தப் பூட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 67 சென்ட் ஆய்வும் அதே வருஷத்தியதே. 2025 ஜனவரியில் வேறொரு விவகாரம். சிறு வணிகர்களிடம் கார்டுகளையும் பணம் அனுப்பும் சேவைகளையும் ஏமாற்றான முறையில் விற்றதாக அரசு வைத்த குற்றச்சாட்டுகளை முடித்துக்கொள்ள ஏறத்தாழ 23 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். சிறுகடைகளின் காவலர் இவர்தான். கடைக்காரருக்கு நன்றி சொல்ல மேயர் நாள் குறித்ததும் இவருடைய பஞ்சாங்கத்தைப் பார்த்து.

தேங்க்ஸ்கிவிங்கையும் கடைகளையும் முடிச்சுப் போடுவது புதுப்பழக்கம் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அப்போதெல்லாம் பண்டிகை நவம்பரின் கடைசி வியாழனில்; 1939-ல் அது 30-ஆம் தேதி விழுந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று பெரிய டிபார்ட்மென்ட் கடை முதலாளிகள் முறையிட, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் நகர்த்தி 23-ஆம் தேதி என்று அறிவித்தார். நாடு இரண்டாகப் பிளந்தது. ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஒரு வியாழனிலும் மீதி மறு வியாழனிலும் வான்கோழி அறுத்தன. டெக்சாஸ் இரண்டு நாளும் கொண்டாடித் தீர்த்தது. அட்லாண்டிக் சிட்டி மேயர் அதற்கு ‘பிராங்க்ஸ்கிவிங்’ என்று பட்டப்பெயர் வைத்தார். இந்த விஷயத்தில் உருப்படியாக ஏதாவது செய்த மேயர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அன்று புரூக்ளினில் ஆண்கள் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். பண்டிகையை நகர்த்தாதீர்கள் என்று வேண்டுகோள். காரணம் அழகானது. நாள் குறைவாக இருந்தால் பெரிய கடைகளில் கூட்டம் நெரியும், நெரிசல் தாங்காதவர்கள் பேட்டைக் கடைக்கு வருவார்கள். நாளை நீட்டிவிட்டால் எல்லாரும் சாவகாசமாகப் பெரிய கடையிலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். சிறுகடைக்காரருக்கு வேண்டியிருந்தது ஒரு தேதி. அவர் பாசத்தைக் கேட்கவில்லை, தன் வயிற்றுப்பிழைப்பின் கணக்கைக் காட்டி அரசு கையிலிருக்கும் ஒன்றைக் கேட்டார். ரூஸ்வெல்ட் முதலாளிகள் பக்கம் நின்றார். 1941 டிசம்பரில் காங்கிரஸ் நான்காம் வியாழன் என்று சட்டம் போட்டுச் சண்டையை முடித்துவைத்தது.

சரி, பர்ஸுக்கு வருவோம். ஊரின் வருங்காலம் வாங்குபவர் கையில் இருக்கிறது என்ற வாக்கியம்தான் எனக்கு அடியோடு ஒவ்வாதது. கடை மூடினால் பழி யார்மேல்? அமேசானில் சோப்பு வாங்கிய என் மேல்.

அமேசானைப் பற்றியே பேசுவோமே. 2017 செப்டம்பரில் அந்தக் கம்பெனி இரண்டாம் தலைமையகம் கட்டப்போகிறோம், 500 கோடி டாலர் முதலீடு, 50,000 வேலை, எந்த ஊர் என்ன தருகிறீர்கள் என்று தண்டோரா போட்டது. 238 விண்ணப்பங்கள் குவிந்தன. அனுப்பியவர்கள் யார்? சனிக்கிழமைதோறும் அமேசானில் சோப்பு வாங்கும் என்னைப் போன்ற துரோகிகளா? மேயர்களும் கவர்னர்களும்தான். ஜார்ஜியாவின் ஸ்டோன்கிரெஸ்ட் மேயர் 345 ஏக்கரைத் தன் ஊரிலிருந்து பிரித்து அதற்கு ‘அமேசான்’ என்றே பெயர் சூட்டத் தயார் என்றார். கன்சாஸ் சிட்டி மேயர் ஸ்லை ஜேம்ஸ் அமேசானில் ஆயிரம் பொருள் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, விமர்சனத்துக்குள் தன் ஊர்ப்பெருமையை நுழைத்து எழுதினார். பொருள்களைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டாராம், சந்தோஷம். அலபாமாவின் பர்மிங்காமில் ராட்சத அமேசான் பெட்டிகளைத் தெருவில் நிறுத்தினார்கள். அரிசோனாவின் டூசான் வட்டாரத் தொழில்வளர்ச்சி அமைப்பு 21 அடிக் கள்ளிச்செடியையே அனுப்பியது. அமேசான் வேண்டாம் என்றுவிட்டது. எங்கள் மாநிலம் சும்மா இருக்குமா? நெவார்க் நகருக்காக மாநிலமும் நகரமும் சேர்ந்து 700 கோடி டாலர் மதிப்புள்ள சலுகையை நீட்டின. எழுநூறு கோடி! நெவார்க் கடைவீதிகளில் கண்ணாடி உடைந்த கடைகளுக்கு அதில் எத்தனை கண்ணாடி மாட்டியிருக்கலாம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

முடிவு 2018 நவம்பர் 13 அன்று வந்தது, தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒன்பது நாள் முன்னால். நியூயார்க்கின் குயின்ஸுக்குப் பாதி, வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்குப் பாதி. நியூயார்க் தருவதாகச் சொன்னது ஏறக்குறைய 300 கோடி டாலர். பதினொரு நாள் கழித்து வந்தது சிறுகடைச் சனிக்கிழமை. நாடெங்கும் மேயர்கள் கடைவீதிகளில் நின்று உள்ளூரில் வாங்குங்கள் என்று மக்களுக்கு உபதேசம் செய்திருப்பார்கள். அடுத்த பிப்ரவரியில் எதிர்ப்பு வலுக்க அமேசான் குயின்ஸிலிருந்து விலகிக்கொண்டது. ஆர்லிங்டனில் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை 2023-ல் நிறுத்திவைத்தது.

இது ஒரு வருஷக் கூத்து என்று தள்ளிவிட முடியாது. குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு 2015-ல் 14 மாநிலங்களில் கொடுக்கப்பட்ட 4,200-க்கும் மேற்பட்ட தொழில் ஊக்கச் சலுகைகளை எடுத்துப் பார்த்தது. தொகையில் சுமார் 90 சதவீதம் பெரிய கம்பெனிகளுக்குப் போயிருந்தது. அந்த அமைப்பே 2004-ல் வால்மார்ட் ஒன்றுக்கு மட்டும் மாநில, உள்ளூர் அரசுகள் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருப்பதாகக் கணக்குக் காட்டியது.

அந்தப் பணம் வந்த வழியையும் பார்க்கவேண்டும். எங்கள் கடைவீதியில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ‘டிரிபிள் நெட்’. வாடகைக்கு மேல் கட்டடத்தின் சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் கடைக்காரர் தலையில். சொத்துவரியில் நாட்டிலேயே முதல் வரிசையில் நிற்கும் மாநிலம் நியூஜெர்சி. அதே தெருக்கோடியில் எழும்பும் ஆறுமாடிக் குடியிருப்புக்கு நகரசபை ‘பைலட்’ கொடுக்கலாம்: சொத்துவரிக்குப் பதில் பேசிவைத்த ஒரு தொகை, 30 வருஷம் வரைக்கும். அந்தத் தொகையில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் மாவட்டத்துக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பூஜ்யம். பள்ளியின் பங்கை யார் கட்டுவது? முழுவரி கட்டுகிற மற்றவர்கள், அதாவது தையல்கடை, பூக்கடை, பீட்சாக்கடை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடைக்காது. உடைத்த கையோடு தேங்காய்க்காரருக்கு நன்றிக் கடிதம் வேறு.

பிழைத்து வளர்ந்த கடைகள் எப்படி வளர்ந்தன என்றும் ஒரு வார்த்தை. சிகாகோவின் டேவான் அவென்யூவில் 1974-ல் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய பட்டேல் பிரதர்ஸ் இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. நாங்கள் அங்கே போனது உளுத்தம்பருப்பு வேறெங்கும் கிடைக்காததால். அந்த முதல் கடைக்குள் நன்றி உணர்ச்சி உந்தித் தள்ளி நுழைந்தவர் யாராவது இருந்தால் நான் அவரைச் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

நகராட்சியால் வேறென்ன செய்யமுடியும் என்று மேயர் கேட்கக்கூடும். சிறுகடைச் சனிக்கிழமையன்று மீட்டரில் காசு போடாமல் வண்டி நிறுத்தலாம் என்கிறார். மற்ற நாளெல்லாம் காபி வாங்க நிறுத்திய நாலு நிமிஷத்துக்குச் சீட்டு எழுதும் அதே நகராட்சி.

செய்யமுடிந்ததற்கு மற்ற ஊர்களைப் பார்க்கலாம். மிச்சிகன், விஸ்கான்சின், இந்தியானா மாநிலங்களில் ‘பிக் பாக்ஸ்’ எனப்படும் ராட்சதக் கடைகள் ‘இருட்டுக்கடை’ வாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வரி மேல்முறையீட்டுக்குப் போயின. நடந்துகொண்டிருக்கும் எங்கள் கடையைப் பூட்டிக் கிடக்கும் காலிக் கட்டடமாக மதிப்பிட்டு வரி போடுங்கள் என்பதே வாதம். பல ஊர்கள் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்தன. வழக்குச் செலவுக்கு அஞ்சாமல் எதிர்த்து நின்ற சிற்றூர் எஸ்கனாபா. மெனார்ட்ஸ் கம்பெனிக்கு எதிராக 2016-ல் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. நியூயார்க்கில் 1945-லிருந்து 1963 வரை கடை வாடகைக்கும் உச்சவரம்பு இருந்தது. அது போனபிறகு, குத்தகை முடிகிற கடைக்காரருக்குப் பாதுகாப்புத் தரும் மசோதா 1980-களிலிருந்து நகரசபையில் திரும்பத் திரும்ப வந்து, இன்னும் சட்டமாகவில்லை. மேயர்கள் வந்தார்கள், போனார்கள், சனிக்கிழமைகளில் ரிப்பன் வெட்டினார்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் 2004-ல் சங்கிலிக் கடைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. வேறிடங்களில் 11 கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கடை சில பேட்டைக் கடைவீதிகளுக்குள் வரவேண்டுமானால் சிறப்பு அனுமதி வாங்கவேண்டும், அக்கம்பக்கத்தார் பொது விசாரணையில் எதிர்த்துப் பேசலாம். 2006-ல் அதை நகரின் எல்லாப் பேட்டைக் கடைவீதிகளுக்கும் விரித்து மக்கள் வாக்களித்தார்கள். நார்த் பீச் பகுதியில் அனுமதிக்கே இடமில்லை. அந்த வாக்குச்சீட்டில் இருந்தது ஒரு மண்டல விதி. எங்கள் ஊர் நகரசபைக்கும் மண்டல விதி எழுதும் அதிகாரம் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை இரவு கூடுகிறார்கள், பார்வையாளர் நாற்காலிகளில் முக்கால்வாசி காலியாகவே கிடக்கும்.